அயர்லாந்தில் மழைக்கு என்ன வேலை?

அயர்லாந்துக்குப் போய்வந்தவர்களிடம் ஊர் எப்படி என்று கேட்டால் பச்சைப்பசேல் என்பார்கள். அடுத்த மூச்சில் மழையைத் திட்டுவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. தீவின் கிழக்குக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 150 நாள் மழை நாள். மேற்கே போகப் போக அது 225 நாள்வரை ஏறுகிறது. வேடிக்கை என்னவென்றால், தலைநகர் டப்ளினில் வருடம் முழுக்கப் பெய்வதைக் கூட்டினாலும் 750 மில்லிமீட்டர் பக்கம்தான் வரும். சென்னைக்குக் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதி. கொட்டித் தீர்க்கிற மழை இல்லை அது. நசநசவென்று தூறும், விடும், மறுபடி தூறும். காற்றும் சேர்ந்துகொள்வதால் குடை பிரயோசனப்படாது. தலையை மூடுகிற மழைக்கோட்டுதான் சரி.

இந்தத் தூறலை இடைஞ்சல் என்று நினைக்காமல், அதன் பின்னாலேயே போய்த் தீவைச் சுற்றிப் பார்க்கலாம் என்பது என் யோசனை. சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று பார்க்கிற பல இடங்களின் பின்னால் ஒரு தண்ணீர்க் கணக்கு இருக்கிறது. ஓரிடத்தில் மனிதர்கள் மழையை ஐயாயிரம் ஆண்டுகளாக உள்ளே விடாமல் நிறுத்தியிருக்கிறார்கள். இன்னோரிடத்தில் விரல் நீளப் பாசி ஒன்று மழையைப் பிடித்துவைத்து மேடாக வளர்ந்திருக்கிறது. வேறோரிடத்தில் பாறை மழையை விழுங்கிவிட்டுக் குளிர்காலத்தில் ஏரியாகத் திருப்பித் தருகிறது.

டப்ளினிலிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள் பாயின் ஆற்றுப் பள்ளத்தாக்கு வந்துவிடும். ஆற்றின் வளைவைப் பார்த்தபடி ஒரு பெரிய புல்மேடு நிற்கிறது. பெயர் நியூகிரேஞ்ச். விட்டம் சுமார் 85 மீட்டர், உயரம் நான்கு மாடி. இயற்கை மேடல்ல, ஏறக்குறைய 2 லட்சம் டன் கல்லையும் மண்ணையும் சுமந்துவந்து குவித்து எழுப்பிய கல்லறை. காலம் கி.மு. 3200 வாக்கில். எகிப்தின் பெரிய பிரமிடைவிட அறுநூறு ஆண்டு மூத்தது. கட்டியவர்கள் விவசாயிகள். உலோகம் என்ற ஒன்றை அவர்கள் கண்ணால் கண்டதில்லை.

உள்ளே போக 19 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல் நடை. குனிந்து, தோளைச் சுருக்கிக்கொண்டுதான் போக வேண்டும். முடிவில் ஒரு சிறிய அறை. நிமிர்ந்து பார்த்தால் ஆறு மீட்டர் உயரத்துக்குக் கூம்பிக்கொண்டு போகிற கூரை. சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை. பலகைக்கற்களை ஒரு வட்டமாக அடுக்கி, அதன் மேல் அடுத்த வட்டத்தைக் கொஞ்சம் உள்ளே நீட்டி வைத்து, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் நீட்டி, கடைசியில் மிஞ்சிய துளையை ஒரே கல்லால் மூடியிருக்கிறார்கள். நீட்டடுக்குக் கூரை என்று சொல்லலாம். ஒவ்வொரு கல்லின் உள்முனையும் அந்தரத்தில் நிற்கிறது. வெளிமுனையை மேட்டின் பாரம் அமுக்கிப் பிடித்திருப்பதால் அது விழுவதில்லை.

சரி, மழை? இந்த மேட்டின் மேல் ஐயாயிரத்துச் சொச்சம் வருடத் தூறல் இறங்கியிருக்கிறது, அறைக்குள் ஒழுகவில்லை. கற்களைச் சமமாகப் படுக்கவைக்காமல் வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்திருக்கிறார்கள். கசிந்து வருகிற நீர் அறைப்பக்கம் எட்டிப் பார்க்காமல் வெளியே போய்விடும். நடைக்கு மேலுள்ள கூரைக்கற்களின் முதுகில் நீர் ஓடக் காடிகள் வெட்டியிருக்கிறார்கள். மேட்டுக்குள் புதைந்துபோகிற கற்கள் அவை, யார் கண்ணிலும் படப்போவதில்லை. இருந்தாலும் கல்லால் கல்லைக் கொத்திப் பொறுமையாக வெட்டியிருக்கிறார்கள். போதாததற்கு, இடுக்குகளில் கடல் மணலையும் சுட்ட மண்ணையும் திணித்து அடைத்திருக்கிறார்கள். அந்தச் சுட்ட மண்ணில் கிடைத்த கரித்துணுக்குகளை வைத்துத்தான் பின்னாளில் கரிமக் காலக்கணிப்பு செய்தார்கள். உயிர் போன பொருளில் கதிரியக்கக் கரிமம் ஒரே சீரான வேகத்தில் குறைந்துகொண்டு வரும். எவ்வளவு மிச்சம் என்று பார்த்து வயதைச் சொல்லும் முறை அது. மழை ஒழுகாமலிருக்க அடைத்த மண்ணே கட்டடத்தின் வயதையும் சொல்லிவிட்டது.

மழையை விரட்டியவர்கள் வெயிலுக்கு மட்டும் வழி விட்டிருந்தார்கள். 1962 முதல் 1975 வரை இங்கே அகழாய்வு நடத்தியவர் கார்க் நகரப் பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லி. வாசலுக்கு மேலே சின்னச் சன்னல் போல ஒரு திறப்பு வெளிப்பட்டது. கதவு இருக்கும்போது அதன் தலைக்கு மேல் இன்னொரு துளை எதற்கு? உதய சூரியன் உள்ளே வருவான் என்று ஊர்க்காரர்கள் சொல்லிவந்த கதை அவர் காதில் விழுந்திருந்தது. 1967 டிசம்பர் 21, ஆண்டின் மிகக் குறுகிய பகல்களில் ஒன்று. விடியுமுன் போய் இருட்டறையில் காத்திருந்தார். சூரியன் எழுந்த சில நிமிடத்தில் மேல்துளை வழியாக ஒரு கீற்று நுழைந்து, நடை நெடுக ஊர்ந்து, அறைக்குள் வந்து விழுந்தது. பதினேழு நிமிடம் இருக்கும். பிறகு மறுபடியும் இருட்டு.

துளை எதற்கு என்பதற்கு விடை தரையில் இருக்கிறது. வாசலிலிருந்து அறைவரை நடையின் தரை சுமார் இரண்டு மீட்டர் ஏறுகிறது. அதனால் அறையின் தரை, வாசலுக்கு மேலுள்ள துளையின் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. கதவு வழியே வரும் ஒளி பாதி நடையிலேயே தரையில் முட்டி நின்றுபோகும். மேல்துளை ஒளிதான் நேராக அறைக்குப் போகும். இன்னொரு நுணுக்கம்: இன்று அந்தக் கீற்று நுழைவது சூரியன் எழுந்து நாலு நிமிடம் கழித்து. கட்டிய காலத்தில் அந்தத் தாமதம் இல்லை. பூமியின் அச்சு அன்று 24 டிகிரி சாய்ந்திருந்தது, இன்று 23.4. அச்சு அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல் நிமிர்ந்ததில், சூரியன் தலைகாட்டும் இடம் நகர்ந்துவிட்டது. அவர்கள் கட்டியதில் பிசகில்லை. வானம்தான் தள்ளிப் போயிருக்கிறது.

டிசம்பர் விடியலில் அந்த அறைக்குள் நிற்க ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் பெயர் எழுதிப் போடுகிறார்கள். குலுக்கலில் இடம் கிடைப்பது சில டஜன் பேருக்குத்தான். கிடைத்தவர்களும் மேகம் மூடினால் ஏமாற வேண்டியதுதான். மற்ற நாள்களில் வழிகாட்டி விளக்கை அணைத்துவிட்டு, செயற்கை ஒளியால் அந்தக் கீற்றை நடத்திக் காட்டுவார். வாசலின் இருபுறமும் பளீரென்று நிற்கிற வெள்ளைப் படிகக்கல் சுவர் மட்டும் அகழாய்வுக்குப் பின் திருப்பி எழுப்பியது. ஆதியில் அது அப்படித்தான் செங்குத்தாக நின்றதா என்ற சண்டை ஓயவில்லை. என்னைக் கேட்டால், அந்தச் சுவர் கொஞ்சம் அதிகப்படிதான்.

மழை பெய்யாமல் விட்டபோதும் இந்தப் பள்ளத்தாக்கு ஒரு செய்தி சொன்னது. 2018 கோடையில் அயர்லாந்தில் அபூர்வமான வறட்சி. ஜூலையில் நியூகிரேஞ்சுக்குக் கீழே உள்ள வயலின் மேல் ட்ரோன் பறக்கவிட்டவர்கள் திகைத்துப்போனார்கள்: காய்ந்த பயிருக்கு நடுவே துல்லியமான ஒரு பெரிய வட்டம் பச்சையாகத் தெரிந்தது. கற்காலத்தின் கடைசிக் கட்டத்தில் அங்கே பள்ளங்கள் தோண்டி மரக்கம்பங்கள் நட்டு ஒரு வட்ட வளாகம் அமைத்திருந்தார்கள். பள்ளங்கள் தூர்ந்து பல ஆயிரம் ஆண்டாகியும், அந்த மண் மட்டும் சுற்றியுள்ள மண்ணைவிட ஈரத்தைச் சற்றுக் கூடுதலாகப் பிடித்துவைக்கிறது. எல்லா இடமும் நனைந்திருக்கும்வரை அந்த வித்தியாசம் வெளியே தெரியவில்லை.

நியூகிரேஞ்சை விட்டு மேற்கே திரும்பினால் தீவின் நடுப்பகுதி. பழுப்பும் செம்மையும் கலந்த வெட்டவெளி, ஒரு மரம் இல்லை. கால் வைத்தால் தரை தளும்புகிறது. இவைதான் பீட் சதுப்புகள். பீட் என்பது முழுசாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்துபோன தாவரப் பொதி. நிலக்கரியின் பால பருவம் என்று வைத்துக்கொள்ளலாம். தீவின் நிலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை ஒரு காலத்தில் இது மூடியிருந்தது.

இதைக் கட்டிய கொத்தன் ஸ்பேக்னம் என்ற பாசி. ஒரு பிடி பறித்துப் பிழிந்தால் தண்ணீர் முழங்கைவரை வழியும். கையில் மிஞ்சுவது வெளிறிய சின்னத் திப்பி. காய்ந்த எடையைப்போல் இருபது மடங்கு நீரை இது தாங்கும். அதன் இலையை நுண்ணோக்கியில் பார்த்தால் சூட்சுமம் புரியும். பச்சையாக உயிரோடு இருக்கும் செல்கள் ஒல்லியாக வலைபோல் ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே பெரிய பெரிய காலி அறைகள். அவை செத்த செல்கள். சுவரில் துளைகளோடு வெறும் நீர்த்தொட்டிகளாக நிற்கின்றன. தன் உடலின் பெரும்பகுதியைச் சாகவிட்டு அதைத் தண்ணீர்த் தொட்டியாக்கிக்கொண்ட செடி இது. முதல் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அயர்லாந்துப் பாசியைக் காயவைத்துக் காயங்களுக்குக் கட்டினார்கள். உறிஞ்சுவதில் பஞ்சு அதனிடம் தோற்றது. கிருமியும் அதில் சுலபத்தில் வளராது.

கிருமி வளராததற்குக் காரணம் பாசியின் இன்னொரு வேலை. தண்ணீரில் இருக்கும் கால்சியம் போன்ற சத்துகளைப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே விடுகிறது. தண்ணீர் புளித்துப்போகிறது. அமிலம், குளிர், ஆக்சிஜன் இல்லாத ஊறல்: மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் திண்டாடிப்போகின்றன. பாசி மேலே வளர, கீழே செத்த பாசி அழுகாமல் அடுக்காகிறது. வருடத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மீட்டர். பனியுகம் முடிந்து சுமார் பத்தாயிரம் ஆண்டுகளில் பழைய ஏரிகள் தூர்ந்து, அவற்றின் மேல் பாசி குவிமாடமாக எழும்பிவிட்டது. இந்தக் குவிமாடங்களுக்கு ஆறும் ஊற்றும் தண்ணீர் தருவதில்லை, மழை மட்டும்தான். கரையும் இல்லை, சுவரும் இல்லை, ஆனாலும் பக்கத்து நிலத்தைவிட சில மீட்டர் உயரத்தில் தண்ணீர் நிற்கிறது. பிடித்துவைத்திருப்பது ஒரு பாசி. சும்மா அதிக மழை பெய்தால் இது நடக்காது. அடிக்கடி பெய்ய வேண்டும், இடையில் காய விடக் கூடாது. பயணிகள் திட்டுகிற அந்தத் தூறல்தான் வேண்டும்.

இப்படி மூடிக்கொண்டே வந்த சதுப்பு எதை எதையெல்லாம் விழுங்கியது! வடமேற்கே மேயோ மாவட்டத்தில், அட்லாண்டிக் செங்குத்துப் பாறைக்கு மேலே, கேஜே வயல்கள் என்ற இடம். 1930களில் பேட்ரிக் கால்ஃபீல்டு என்ற பள்ளி ஆசிரியர் அடுப்புக்காகப் பீட் வெட்டும் இடங்களில் ஒன்றைக் கவனித்தார். அடியில் கல் குவியல்கள் தட்டுப்பட்டன. வரிசையாக இருந்தன. இயற்கையாக விழுந்த கல் வரிசையில் நிற்காது. அதுவும் பீட்டுக்கு அடியில் இருப்பதால் பீட் வளருமுன் யாரோ வைத்தது. அவர் மகன் ஷேமஸ் தொல்லியல் படித்துவிட்டுத் திரும்பிவந்து இதைத் துலக்கினார். பெரும்பாலும் தோண்டவே இல்லை. நீள இரும்புக் கம்பியைச் சதுப்புக்குள் செருகுவார். ஆழமாக இறங்கினால் வெறும் தரை. சட்டென்று நின்றால் சுவர். கம்பி நின்ற இடங்களையெல்லாம் கோர்த்தபோது வயல் வரப்புகள், தொழுவங்கள், வீட்டு மனைகள் என்று கற்கால விவசாய ஊர் ஒன்றின் வரைபடமே வந்துவிட்டது. ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது என்பது அவர் கணிப்பு. சுவர்களின் வயதைக் குறைத்துச் சொல்கிறவர்களும் உண்டு. கம்பி குத்திப் பார்க்கும் முறை இன்றும் அங்கே நடக்கிறது, பயணிகள் கையில் கொடுத்தே பார்க்கச் சொல்கிறார்கள்.

லாங்ஃபோர்டு மாவட்டத்தின் கோர்லியாவில் சதுப்பு ஒரு சாலையை வைத்திருந்தது. ஓக் மரப் பலகைகளைக் குறுக்கே வரிசையாகப் பரப்பிச் சதுப்பைக் கடக்கப் போட்ட பாதை. அதன் வயதை ஆண்டு சுத்தமாகச் சொல்கிறார்கள்: மரங்களை வெட்டியது கி.மு. 148இன் கடைசியில் அல்லது 147இன் தொடக்கத்தில். மரம் வருடத்துக்கு ஒரு வளையம் போடும். நல்ல வருடம் என்றால் அகலமாக, மோசமான வருடம் என்றால் ஒடுக்கமாக. அந்த அகல ஒடுக்க வரிசை கைரேகைபோல் ஒருமுறைதான் வரும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு ஓக் வளையங்களை ஒன்றோடொன்று பொருத்திச் சங்கிலி கட்டிவைத்திருப்பதால், பலகையின் கடைசி வளையம் எந்த ஆண்டு என்று எண்ணிச் சொல்லிவிடலாம். அவ்வளவு பாடுபட்டுப் போட்ட சாலை சில ஆண்டுகளிலேயே தன் கனத்தில் சதுப்புக்குள் அமிழ்ந்துபோனது. அமிழ்ந்ததால்தான் நமக்குக் கிடைத்தது.

விவசாயிகளுக்குச் சதுப்பு குளிர்சாதனப் பெட்டியாகவும் இருந்தது. மரத்தொட்டியில் வெண்ணெயைப் போட்டுப் புதைத்துவிடுவார்கள். திரும்ப எடுக்காமல் மறந்தவை நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. சிலவற்றுக்கு மூவாயிரம் வயதுக்கு மேல்.

இதற்கெல்லாம் உச்சம் டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தின் கில்டேர் தெருக் கட்டடத்தில் இருக்கிறது. 2003இல் சில மாத இடைவெளியில் கிடைத்த இரண்டு ஆண்களின் உடல்கள். இரண்டும் இரண்டாயிரத்து இருநூறு வருடம் பழையவை. ஓல்டு குரோகன் மனிதனுடைய கையைப் பாருங்கள்: விரல் ரேகை, நகம், நகக்கண் எல்லாம் அப்படியே. உழைத்துக் காய்ப்பேறாத கை. குளோனிகேவன் மனிதனின் தலைமுடியில் தேய்த்திருந்த பசையில் பைன் மரப் பிசின் இருந்தது. பிரான்சின் தெற்கிலோ ஸ்பெயினிலோ விளைகிற பைன். கடல் கடந்து வந்த தலைப்பசை! இருவரையும் கொடூரமாகக் கொன்றுதான் சதுப்பில் போட்டிருக்கிறார்கள். பதவி இழந்த அரசர்களைப் பலி கொடுத்திருக்கலாம் என்று அருங்காட்சியகம் ஒரு விளக்கம் வைத்திருக்கிறது.

அதே கட்டடத்தில் ஒரு புத்தகம். 2006 ஜூலையில் டிப்பரரி மாவட்டத்தில் பீட் அள்ளிய இயந்திரத்தின் ஓட்டுநர் கண்ணில் பட்டது. கி.பி. 800 வாக்கில் எழுதிய, பைபிளின் சங்கீதத் துதிப்பாடல்கள் அடங்கிய பிரதி. கன்றுத்தோல் தாள்கள் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தன. ஆனால் மையிலிருந்த துவர்ப்புச் சத்து எழுத்து விழுந்த இடத்தில் மட்டும் தோலைப் பதனிட்டிருந்ததால், தாள் போய் எழுத்துகள் தனித்தனியாக மிஞ்சியிருந்தன. அட்டையின் உட்புறம் ஒட்டியிருந்தது பாப்பிரஸ். நைல் நதிக்கரை நாணல், அயர்லாந்துச் சேற்றில்.

அடுப்பில் பீட் எரிப்பது அயர்லாந்தில் பல நூற்றாண்டுப் பழக்கம். வெட்டி எடுத்த கட்டியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கூம்பாகச் சாய்த்து வைத்துக் காற்றில் வாரக்கணக்கில் உலர்த்த வேண்டும். கட்டி கருத்துச் சுருங்கிக் கல்லாகும். இருபதாம் நூற்றாண்டில் அரசு நிறுவனம் இயந்திரத்தால் வெட்டி மின்சாரமே தயாரித்தது. ஆனால் வாய்க்கால் வெட்டி வடித்த சதுப்பு தான் சேர்த்த கரியையெல்லாம் காற்றில் விடத் தொடங்கிவிடும். 2021 தொடக்கத்தில் அந்த நிறுவனம் வெட்டுவதை நிறுத்திவிட்டு, வாய்க்கால்களை அடைத்துச் சதுப்புகளை மறுபடி நனைக்கும் வேலைக்கு மாறியது.

மேற்குக் கரையில் கிளேர் மாவட்டத்துப் பரன். சதுப்பிலிருந்து நேராக இங்கே வந்தால் வேறு கிரகம்போல் இருக்கும். கண்ணுக்கு எட்டியவரை சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறைத் தளம். அயர்லாந்து நிலநடுக்கோட்டுப் பக்கம் இருந்த காலத்தில், சுமார் 33 கோடி ஆண்டுக்கு முன், வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் அடியில் படிந்தது. குனிந்து பார்த்தால் காலடியிலேயே பவளங்களின் உருவம் தெரியும். மழை காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மிக மெல்லிய அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல்லை அது கரைக்கும். பாறையின் மயிரிழை வெடிப்புகள் அகன்று இடுக்குகளாகிவிட்டன. பெய்கிற மழை நேராக அவற்றில் இறங்கிவிடுவதால், இவ்வளவு ஈரமான நாட்டில் இந்தப் பீடபூமியின் மேல் ஆறே அபூர்வம்.

இறங்கிய தண்ணீர் சும்மா இருப்பதில்லை. டூலின் குகையில் அது சொட்டிச் சொட்டி 7.3 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுண்ணக்கல் விழுதைத் தொங்கவிட்டிருக்கிறது. 1952இல் ஒரு குறுகிய துளை வழியே ஊர்ந்துபோன இருவர் கண்டது. இதைவிட வேடிக்கை டர்லோ எனப்படும் மாய ஏரிகள். கோடையில் மாடு மேய்கிற புல்வெளி. இலையுதிர் காலத்தில் நிலத்தடி நீர் ஏறியதும் தரையிலுள்ள துளைகள் வழியே தண்ணீர் பொங்கி ஏரியாகிவிடும். வந்து சேர ஆறு கிடையாது, வெளியேற மதகு கிடையாது. வசந்தத்தில் அதே துளைகள் வழியே வடிந்துபோகும். ஏரி எதுவரை ஏறும் என்று தெரிய வேண்டுமானால் வேலிக் கற்களைப் பார்த்தால் போதும், ஒரு மட்டத்துக்குக் கீழே கருப்புப் பாசி படிந்திருக்கும்.

பாறை இடுக்குகளில் ஆல்ப்ஸ் மலையின் நீல ஜென்ஷன் பூவும், துருவப் பனி நிலத்து வெள்ளைப் பூவும், மத்தியதரைக் கடல் பக்கத்து ஆர்க்கிட்டும் அக்கம்பக்கமாகப் பூக்கின்றன. இந்தக் கலவைக்கு மாடுகளும் ஒரு காரணம். மற்ற ஊர்களில் மாடுகளைக் கோடையில் மலைக்கு ஓட்டுவார்கள். பரனில் குளிர்காலத்தில் ஓட்டுகிறார்கள். கோடை வெயிலைக் குடித்த பாறை மெல்லத்தான் ஆறும், தண்ணீர் நிற்காததால் சேறும் இல்லை, ஊற்றுகளும் அப்போதுதான் ஓடும். மாடுகள் குளிர்காலமெல்லாம் முரட்டுப் புல்லை மேய்ந்து தீர்த்துவிட்டு வசந்தத்தில் கீழே இறங்க, பூக்களுக்கு வெளிச்சம் கிடைத்துவிடுகிறது.

பரனின் நடுவில் பூல்னப்ரோன் கல்திட்டை நிற்கிறது. அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன, ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. டப்ளினில் பார்த்த சதுப்பு உடல்களில் தோல் பதனிட்டு நிற்கிறது, எலும்பின் சுண்ணாம்பை அமிலம் தின்றுவிட்டது. இங்கே தோல் சுவடில்லாமல் போய் எலும்பு நிற்கிறது, மண்ணில் சுண்ணாம்பு நிறைந்திருப்பதால். மேலே பெய்தது ஒரே மழை.

தெற்கே டிங்கிள் தீபகற்பத்தில் கவிழ்த்த படகைப்போல் ஒரு சிறு கல் கோயில், பெயர் கேலரஸ். சாந்து இல்லை, மரம் இல்லை, நீட்டடுக்குக் கூரை, கற்கள் வெளியே சாய்ந்து மழையை வடித்துவிடுகின்றன. நியூகிரேஞ்சுக்குப் பிறகு நாலாயிரம் ஆண்டு கழித்தும் அதே வித்தை. கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக்கில் 218 மீட்டர் உயரத்துக்குக் கூர்மையாக எழும்பிய ஸ்கெலிக் மைக்கேல் பாறையில் துறவிகள் அதே முறையில் தேன்கூடு வடிவக் குடில்கள் கட்டினார்கள். அங்கே மழை எதிரியல்ல, உயிர்நாடி. பாறையில் ஊற்று இல்லை. சரிவில் வழிகிற மழையைத் தொட்டிகளில் பிடித்துத்தான் குடித்தார்கள். இன்று கோடையில் மட்டும் படகு போகும், நாளுக்கு 180 பேர். அறுநூறுக்கு மேல் படி ஏற வேண்டும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது.

கடைசியாக வடக்கே, பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட ராபர்ட் கால்டுவெல் 1814இல் பிறந்தது இந்த மாவட்டத்தின் கிளாடி என்ற ஊரில்தான். மாவட்டத்தின் வடகரையில் ஜயன்ட்ஸ் காஸ்வே: சுமார் 40,000 கருங்கல் தூண்கள் தோளோடு தோள் ஒட்டிக் கடலுக்குள் இறங்குகின்றன. ஸ்காட்லாந்து அரக்கனோடு சண்டை போட ஃபின் மெக்கூல் என்ற வீரன் போட்ட பாலம் என்பது கதை. வந்த அரக்கனின் உருவத்தைப் பார்த்துப் பயந்துபோன ஃபின்னை அவன் மனைவி தொட்டிலில் படுக்கவைத்துக் குழந்தை என்று காட்டினாளாம். குழந்தையே இந்த அளவென்றால் அப்பன் எப்படி இருப்பான் என்று அரக்கன் பாலத்தை உடைத்துக்கொண்டு ஓடினானாம். எதிர்க்கரையில் ஸ்காட்லாந்தின் ஸ்டாஃபா தீவிலும் இதே தூண்கள் இருப்பது கதைக்கு வசதி.

நடந்தது 6 கோடி ஆண்டு முன். ஐரோப்பாவும் கிரீன்லாந்தும் பிரிந்து வட அட்லாண்டிக் திறந்த நேரத்தில் இங்கே எரிமலைக் குழம்பு பெருகியது. முதல் பெருக்கு ஆறிக் கிடந்த நெடுங்காலத்தில், அப்போதைய வெப்பமான பெருமழை அதைக் கரைத்துச் செம்பூராங்கல்லாக மாற்றியது. மலபார் வீடுகளில் பார்க்கிறோமே, அதே வகைக் கல். காஸ்வேக்கு மேலுள்ள செங்குத்துப் பாறையில் அந்தச் சிவப்புப் பட்டை இன்றும் தெரியும். அதற்குப்பின் வந்த குழம்பு ஒரு பள்ளத்தை நிரப்பி ஆழமாகத் தேங்கி, மெல்ல ஆறியது. ஆறும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும்.

வற்றிய கண்மாயின் வண்டல் வெடித்திருப்பதைப் பார்த்திருப்போம். அதில் வெடிப்புகள் பெரும்பாலும் செங்கோணத்தில் முட்டுகின்றன. குழம்பின் மேற்பரப்பிலும் ஆரம்பம் அப்படித்தான். ஆனால் இங்கே வெடிப்பு மேலோடு நிற்கவில்லை. உள்ளே ஆற ஆற, சில சென்டிமீட்டர் இறங்கும், நிற்கும், மறுபடி இறங்கும். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் சந்திப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தி, மூன்று வெடிப்பும் 120 டிகிரியில் சமமாகப் பிரியும் நிலைக்கு வருகின்றன. இழுவிசையைக் குறைந்த வெடிப்பு நீளத்தில் தீர்க்கிற ஏற்பாடு அது. 120 டிகிரி மூலைகள் சேர்ந்தால் அறுகோணம். ஐந்து, ஏழு பக்கத் தூண்களும் நிறைய உண்டு, கச்சிதமான அறுகோணத்தை இயற்கை யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒரு தூணின் பக்கத்தைத் தடவிப் பார்த்தால் குறுக்கே மெல்லிய பட்டைகள் தட்டுப்படும். ஒவ்வொன்றும் வெடிப்பு இறங்கிய ஒரு படி.

எத்தனை டிகிரியில் வெடித்தது? 2018இல் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐஸ்லாந்துத் தூண்பாறையை எடுத்துப் பிடித்துவைத்து, சூடேற்றி, ஆறவிட்டுப் பார்த்தார்கள். 840 முதல் 890 டிகிரி செல்சியசுக்குள் பட்டென்று முறிந்தது. குழம்பு முழுக்கக் கெட்டியாவது 980 டிகிரி பக்கம். ஆக, கல்லான சூட்டோடு சூடாகவே தூண்கள் பிறந்துவிட்டன. வெடிப்புத் திறந்ததும் மேலிருந்து தண்ணீர் அதற்குள் இறங்கும், கொதித்து ஆவியாகி வெப்பத்தை வாரிக்கொண்டு மேலே போகும், அதனால் இன்னும் ஆழத்தில் ஆறும், வெடிப்பு இன்னும் இறங்கும். மெல்ல ஆறிய இடத்தில் தூண் தடிமனாகவும் ஒழுங்காகவும் இருக்கிறது. தண்ணீர் மேலிருந்து வெள்ளமாகப் புகுந்து வேகமாக ஆறவைத்த இடத்தில் சன்னமாகக் கோணல்மாணலாகக் கிடக்கிறது. காஸ்வேக்குப் பின்னாலுள்ள பாறை முகப்புகளில் 12 மீட்டர் உயரத் தூண்களையும் அவற்றுக்கு மேலே இந்தக் கோணல் அடுக்கையும் சேர்த்தே பார்க்கலாம்.

தூண் இடுக்குகளில் காசு செருகினால் அதிர்ஷ்டம் என்று பயணிகளுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. செருகிய காசு உப்புத் தூறலில் துருப்பிடித்து மூன்று மடங்கு தடிமன்வரை உப்புகிறது, ஓரத்துக் கல்லைப் பெயர்த்து, தூண் மேல் பழுப்புக் கறை வழியவிடுகிறது. இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு கல் வேலைக்காரர்களை வைத்துக் காசுகளை நெம்பி எடுக்கத் தொடங்கியிருக்கிறது. இனிச் செருகாதீர்கள் என்று 2025இல் பயணிகளைக் கேட்டுக்கொண்டும் இருக்கிறது.